பிடித்து வைத்த பாட்டு

நாஷ்வில்

அன்புள்ள அப்பா,

இந்தக் குளிருக்கு உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? அம்மா இருமல் மருந்தை ஒழுங்காகக் குடிக்கிறாளா? நான் நன்றாக இருக்கிறேன்.

தம்பி டூயி சுரங்கத்திலிருந்து திரும்பாமல் போனபோது நான் எழுதிய பாட்டை ஒரு பெரிய பாடகர் தனக்கென்று பிடித்து வைத்திருக்கிறார் என்று சொன்னேனே, அது இன்னும் அப்படியேதான் கிடக்கிறது. அவர் பதிவு செய்யலாம், வேண்டாமென்றும் விடலாம். அதுவரை நான் அதை யாருக்கும் கொடுக்கக் கூடாது, மேடையிலும் பாடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

வியாழக்கிழமை மதுக்கடையில் ஒரு வேடிக்கை. நாங்கள் நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து முறை வைத்துப் பாடிக்கொண்டிருந்தோம். என் முறை வந்ததும் கை தானாக அந்தப் பாட்டையே எடுத்துவிட்டது. பக்கத்திலிருந்த ஹாலிஸ் என் கிதார் கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கினார்.

“ஏம்மா, பொழப்பக் கெடுத்துக்கப் போறியா? அந்தப் பாடகரு ஆளுங்க பின்னாடிதான் உக்காந்திருக்காங்க.”

“வேற எதுவும் வர மாட்டேங்குதுண்ணே” என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அது உண்மைதான் அப்பா. அந்தப் பாட்டுக்குப் பிறகு ஒரு வரிகூட எனக்கு வரவில்லை.

அம்மா கிண்டும் ஆப்பிள் ஜாம் ஒரு பாட்டில் அனுப்புங்கள். டூயியின் கட்டம் போட்ட சட்டையையும் அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

ஓட்டலில் தட்டு கழுவ நேரமாகிவிட்டது, ஓடுகிறேன். ஒன்றே ஒன்று. ஞாயிற்றுக்கிழமை போனில் அந்தப் பாட்டை நீங்கள் பாடுங்கள். உங்களை யாரும் தடுக்க முடியாது. நான் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

உங்கள் வெர்னா