பலகையில் தொங்கும் டோக்கன்

தங்கச்சிக்கு, அக்கா எழுதுவது.

மூடிய சுரங்கத்தைப் பூங்காவாக்கிவிட்டார்கள். பேத்தி நடைபாதையைக் காட்டக் கூட்டிப்போனாள். வாசலில், கண்ணாடிக்குள் அந்தப் பழைய பலகை. உன் அத்தானின் டோக்கன் இன்னும் அதில் தொங்குகிறது.

உனக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்காது. இறங்குகிறவன் டோக்கனை எடுத்துப்போவான், ஏறி வந்ததும் மாட்டுவான். அந்தக் கடைசி நாள் காலையில், முந்தின நாள் அவர் மறதியாகச் சட்டைப்பையிலேயே வீட்டுக்குக் கொண்டுவந்ததை நான் எடுத்துக்கொண்டு ஓடினேன். அதற்குள் அவர் இறங்கிவிட்டார்.

"குடுங்க அண்ணி, நான் பாத்துக்கறேன்" என்று மேஸ்திரியான உன் புருஷன் வாங்கிப் பலகையில் மாட்டினார். நீயும் பக்கத்தில் நின்றாய்.

அன்றைக்கே உள்ளே தீ. "டோக்கன் எல்லாம் இருக்கு, கீழ யாருமில்ல" என்று தீயை அடக்கக் குழிவாயை அடைத்தார்கள். வேலை போய்விடுமென்று உன் புருஷன் வாய் திறக்கவில்லை. "எவளையோ இழுத்துக்கிட்டு ஓடிட்டான்" என்று ஊர் சிரித்தது. அவர் கீழேதான் இருக்கிறார் என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன்; நீ தரையைப் பார்த்தாய்.

உன் புருஷனும் போய்ச் சேர்ந்தாயிற்று. இனி யாருக்குப் பயப்படுகிறாய்? அடுத்த வாரம் அந்தக் குழிவாய் இருந்த இடத்தில் கான்கிரீட் மேடை போடப்போகிறார்கள். அதற்குமுன் வந்து பார்த்ததைச் சொல். எலும்பாவது என் கைக்கு வரட்டும்.

சொல்ல வாய் வராவிட்டாலும் வா. நடைபாதை அந்தக் குழிவாய்மேல்தான் போகிறது. என் கண்முன்னால் அதை மிதித்து நட. உன்னால் முடிந்தால், நான் பொய்க்காரியாகவே சாகிறேன்.

உன் கூடப்பிறந்த பாவி