ராவென்னாவை மட்டும் பார்க்கவில்லை

போர்கோசெக்கோ,
5 மார்ச் 1978

மதிப்புக்குரிய எல்வீரா அம்மையாருக்கு,

கையெழுத்து மேலும் கீழுமாகப் போவதற்கு மன்னிக்க வேண்டும். அமில்கரே எழுதுகிறேன். ரயில் நிலையத்துக்குப் பின்னால் இரண்டு அறைகளை வாடகைக்கு விடும் அமில்கரே. பதினோரு வருடங்களுக்கு முன்பு, செப்டம்பரில், நீங்கள் எங்கள் வீட்டில் மூன்று வாரம் தங்கினீர்கள். இவ்வளவு எழுதவே ஒரு காலைப்பொழுது போய்விட்டது. அதிலும் எனக்குச் சந்தோஷம்தான்.

அப்போது எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. டீச்சரான உங்களிடம் மறைத்தேன். எதையாவது நீட்டினால் கண்ணாடி உள்ளே இருக்கிறது என்பேன். ரயில் நேரமெல்லாம் ஒலிபெருக்கியில் கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆனவை. பாதுவா வண்டி எத்தனை மணிக்கு, மாந்தோவாவுக்கு எங்கே மாற வேண்டும், எல்லாம் சொல்வேன். அத்தனை பேரை அத்தனை ஊருக்கு அனுப்பியவன் ஓர் ஊரையும் பார்த்ததில்லை. பலகையைப் படிக்கத் தெரியாதவன் எங்கே இறங்குவான்? நீங்கள் மாலை வண்டியில் திரும்பி, அன்று பார்த்த கோயிலையும் கோட்டையையும் சொல்வீர்கள். பீன்ஸ் உரித்தபடி நான் கேட்பேன்.

போன அக்டோபரில் தொழிற்சங்கக் கட்டடத்தில் பெரியவர்களுக்கான வகுப்பில் சேர்ந்தேன். வீட்டில் எழுதி வைத்திருக்கும் எதையாவது கொண்டுவந்து படிக்கச் சொன்னார்கள். விருந்தினர்கள் எழுதும் நோட்டை எடுத்துப் போனேன். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, எழுந்து நின்று, எழுத்துக் கூட்டினேன். முதல் சொல்லே என் பெயர். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அடுத்த வரிக்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

பாதுவாவையும் மாந்தோவாவையும் தனியாகப் பார்த்துவிட்டேன், ராவென்னாவை மட்டும் பார்க்கவில்லை, அதை உங்களோடு பார்க்க வைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். வரும் சனிக்கிழமை ஃபெர்ராரா நிலையத்தில் கடைசி வண்டி வரை நிற்பதாகவும், நான் வராவிட்டால் இனி ஒருபோதும் தொந்தரவு செய்வதில்லை என்றும் எழுதியிருந்தீர்கள்.

நீங்கள் கிளம்பிய அன்று அதை எனக்குப் படித்துக் காட்டியவள் என் அக்கா ஜெலிந்தா. குழாயில் தண்ணீர் நன்றாக வருகிறது, கட்டில் கிறீச்சிடுகிறது என்று படித்தாள். அந்தச் சனிக்கிழமை முழுக்க நான் கட்டிலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன்.

வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்து கேட்டேன். அவள் மறுக்கவில்லை.

"ஆமாடா, மாத்தித்தான் படிச்சேன். நீ அவ பின்னாடி போயிட்டா, புருசன் செத்தவ நான், பிள்ளைய வச்சுக்கிட்டு எங்க போவேன்? கையெழுத்துக்குச் சிலுவை போடுறவன அந்த டீச்சரம்மா எத்தன நாளு வச்சிருப்பா? ஒரு மாசத்துல நாய் மாதிரி திரும்பி வந்திருப்ப. அந்த அவமானம் உனக்கு வேணாம்னுதான்."

சொல்லிவிட்டு, சூப் ஆறுகிறது, சாப்பிடு என்றாள்.

இப்போது அக்காவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. என் முகமே அவளுக்கு நிழல்தான். மகன் லோரிஸ் ஜெர்மனியில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறான். அவன் கடிதங்களை நான்தான் படித்துக் காட்ட வேண்டும். போன வாரம் ஒன்று வந்தது. ஈஸ்டருக்கு வந்து அம்மாவை அழைத்துப் போகிறேன், கண் அறுவை சிகிச்சைக்கு இங்கே நாள் வாங்கிவிட்டேன், தயாராக இருக்கச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தான். ஒரு சொல் விடாமல் மனதுக்குள் படித்தேன். பிறகு அவளுக்குச் சத்தமாகப் படித்தேன். இங்கே குளிர் அதிகம், வேலையும் அதிகம், இந்த வருடம் வர முடியாது. தாளில் இல்லாததைப் படிக்க எழுத்துக் கூட்டவே வேண்டியிருக்கவில்லை. ஆறு போல ஓடியது.

"அவ்வளவுதானா? பின்னாடி திருப்பிப் பாரு" என்றாள்.

திருப்பிப் பார்த்தேன். "அவ்வளவுதான்க்கா."

ஒரு நாளைக்காவது வந்து போகச் சொல்லி எழுது என்று கெஞ்சினாள். எழுதினேன். அம்மாவுக்குக் கண் இப்போது பரவாயில்லை, கத்தி வைக்க அவளுக்கு இஷ்டமில்லை, வீண் செலவு செய்து வராதே என்று எழுதினேன். கீழே தடவித் தடவி அவளே கையெழுத்துப் போட்டாள். வியாழக்கிழமை தபாலில் சேர்த்தேன். என் வாழ்நாளில் நான் எழுதி அனுப்பிய முதல் கடிதம் அது. ஒரு பிழை இல்லை என்று நினைக்கிறேன்.

வகுப்பில் சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்வார்கள். உங்களுக்குத்தான் புரியும். நடைமேடையில் நின்றவர் நீங்கள்.

உங்கள் விலாசம் பழைய பதிவேட்டில் இருந்தது. இன்னும் அங்கேதான் இருக்கிறீர்களா, தனியாகத்தான் இருக்கிறீர்களா, எதுவும் எனக்குத் தெரியாது. பதினெட்டாம் தேதி சனிக்கிழமை நான் ஃபெர்ராரா நிலையத்துக்கு வருவேன். பலகையை நானே படித்து இறங்குவேன். கடைசி வண்டி வரை நிற்பேன். வாருங்கள். அதற்குள் பதில் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த ஞாயிறும் எழுதுவேன், இன்னும் நேரான வரியில்.

கடவுள் உங்கள் கண்களைக் காப்பாற்றட்டும். இதை நீங்களே படியுங்கள். படித்துக் காட்டச் சொல்லி யார் கையிலும் கொடுக்காதீர்கள், கூடப் பிறந்தவர்களானாலும்.

உங்கள்,
அமில்கரே