விசாலத்தின் நாலு நாள்

3 ஜூலை 1961, திங்கள்

காலையிலிருந்து சாரல். வேட்டி காயவில்லை. குடைக்கம்பி ஒன்று ஒடிந்தது.

தலைமையாசிரியர் இன்று என் பாடக்குறிப்பில் சிவப்பு மை. என்னைவிட ஆறு வருஷம் இளையவன். அந்த நாற்காலி எனக்கு வரவேண்டியது. மறக்காமலிருக்க எழுதுகிறேன்.

விசாலத்தின் தங்கை, என் கொழுந்தியாள் கமலம் மதராஸிலிருந்து 16ஆம் தேதி வருகிறாள். ஆறு வருஷத்துக்குப் பிறகு. அக்காளும் தங்கையும் சேர்ந்து ஐந்தருவியில் குளிக்கவேண்டுமாம். வி. வரமாட்டேன் என்கிறாள்.

"எனக்கு அது கிட்ட வார நாளு. தல வெடிக்கும், வயிறு ஊதும், யாரையாவது கடிச்சிருவேன். போன சீசன்ல அருவிக்கரையில நான் ஆடுன ஆட்டத்த அவ பாக்கவேண்டாம்."

சொல்லிவிட்டுப் புடலங்காயை நறுக்கிக்கொண்டே அழுதாள். போன சீசனில் சண்டை ஒரு ஈரத்துண்டுக்காக. எனக்கும் நினைவிருக்கிறது.

4 ஜூலை, செவ்வாய்

டைரியின் பின்பக்கத்தில் எனக்கு யார் யார் என்ன செய்தார்கள் என்று பட்டியல் உண்டு. வி.யின் பேரில் ஒரு வரி சேர்க்கப்போனேன். பழைய வரிகளைப் படித்தேன். தட்டை எறிந்தது, "பள்ளிக்கூடத்துக் கோவத்த வீட்டுல எறக்காதீய" என்றது, எல்லாம் தேதியோடு.

முன்பக்கத்தில் இன்னொரு குறை: "இன்றும் என் சமையல்." அவள் வீட்டுக்குத் தூரமாகிப் பின்கட்டில் உட்காரும் மூன்று நாளும் அடுப்பு என் தலையில்தானே.

இரண்டையும் அருகருகே வைத்தேன். சண்டை. நாலைந்து நாளில் சமையல். மறுபடி சண்டை, சமையல். பன்னிரண்டு மாதத்தில் பதினோரு தடவை.

இருபத்திரண்டு வருஷமாகக் கணக்கு வாத்தியார்.

அடுத்த சமையல் 18ஆம் தேதி வாக்கில். அப்படியானால் 16 சரியாகச் சண்டை நாள்களின் நடுவில். மருந்து வேண்டும். தென்காசியில் மருந்துக்கடை சுப்பையாவுடையது. எட்டாம் வகுப்பில் என் கட்டுரையைப் பார்த்தெழுதிப் பரிசு வாங்கியவன். அங்கே போகமாட்டேன்.

8 ஜூலை, சனி

ரயிலில் செங்கோட்டை. ஒரு மருந்துக்கு ஒரு பிரயாணம். கடைக்காரர் பாதி மலையாளம்.

"ஆர்க்கா சாரே?"

பின்னால் நாலு பேர். "எனக்குத்தான்" என்று சொல்லிவிட்டேன்.

"சாரே, இது பெண்ணுங்களுக்கு உள்ளதாக்கும்."

நாலு பேரும் சிரித்தார்கள். முகங்களை மனதில் குறித்துக்கொண்டேன். ஆனால் கடைக்காரர் நல்லவர், ஓரமாக அழைத்துப் பொறுமையாகச் சொன்னார்.

அசோகப்பட்டை அரிஷ்டம்: ஒரு வாரத்தில் ஒன்றும் தெரியாது, மாதக்கணக்கில் குடிக்கவேண்டும்.
வலி மாத்திரை: வலித்தால் மட்டும், சாப்பிட்டபின்.
ரப்பர் வெந்நீர்ப் பை: அடிவயிற்றுக்கு, இடுப்புக்கு.
சிவப்பு டானிக்: சகல ஸ்திரீ வியாதிக்கும், முடி வளரவும், ஞாபகசக்திக்கும். "அதில் பாதி சாராயம் சாரே, வேண்டா."

டானிக் தவிர மூன்றும் வாங்கினேன்.

9 ஜூலை, ஞாயிறு

புத்தகங்களுக்குப் பின்னால் ஒளித்துவைத்ததை வி. கண்டுபிடித்துவிட்டாள். வேறு வழியில்லை, பட்டியலைக் காட்டினேன். தேதி தேதியாக விரல் வைத்துப் படித்தாள். பயந்துபோனேன்.

"ஒரு வருசமா எம்மேல குத்தம் எழுதிக்கிட்டா இருந்தீய?"

பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து சிரித்தாள்.

தீர்ப்பு: அரிஷ்டம் மோந்தாலே குமட்டுது. மாத்திரை சரி. வெந்நீர்ப் பையை மடியில் வைத்தவள் கீழே வைக்கவில்லை. "உப்பு தின்னா உடம்பு ஊதுது. ஆனா அப்பளம் இல்லாம ஒங்களுக்குச் சோறு எறங்காது, பொரிக்கப்போயி நானும் திம்பேன்."

அப்பளத்தை விட்டேன். அந்த வாரத்துக்கு மட்டும்.

இன்னொன்றும் சொன்னாள். "தூரமா உக்காரும்போது எனக்கு ஒண்ணும் செய்யாது. சும்மா உக்காந்து எட்டணாப் பத்திரிகை படிப்பேன். அதுக்கு முந்துன நாலு நாளுதான் அடுப்புகிட்ட நிக்க முடியாது. அன்னைக்கு எவன் சமைக்கான்?"

எவன் என்றாள். பட்டியலில் எழுதவில்லை.

13 ஜூலை, வியாழன்

வெந்நீர்ப் பையின் அடைப்பான் ஒழுகுகிறது. செங்கோட்டைக்குப் போக நேரமில்லை. முப்பது வருஷப் பகைக்குப் பின் சுப்பையா கடை.

"ஏ வாத்தியாரே! வழி தெரிஞ்சுட்டா?"

அடைப்பான் கொடுத்தான். என்ன ஏது என்று துருவித் துருவிக் கேட்டான். சொன்னேன். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"எங்க வீட்டுலயும் இதே கததாம்லே. எத்தன நாளு முந்தி? எப்படிக் கணக்குப் போட்ட?"

கடைக் காகிதத்தில் கட்டம் போட்டுக் காட்டினேன். மறுபடியும் என்னைப் பார்த்து எழுதிக்கொண்டான்.

பரிசு விஷயம் பட்டியலில் அப்படியே இருக்கிறது.

15 ஜூலை, சனி

இந்தத் தடவை முன்னாலேயே என் சமையல், இன்று இரண்டாம் நாள். ரசம் நன்றாக வந்தது. வி. "நல்லாயில்ல" என்று சொல்லி இரண்டு தடவை வாங்கிக் குடித்தாள். கமலம் வரும் வண்டி நாளைக் காலையில்.

16 ஜூலை, ஞாயிறு

நல்ல சாரல். வி.க்குக் காலையில் தலைவலி. இட்லிக்குப் பின் ஒரு மாத்திரை. பஸ்ஸில் துணிப்பையை நான் வைத்த இடம் சரியில்லையென்று ஊரே கேட்கக் கத்தினாள். கமலம் என்னைப் பார்த்தாள். "நாலில் மூன்றாம் நாள்" என்றேன். வி.யே சிரித்துவிட்டாள்.

ஐந்தருவி. பெண்கள் பக்கம் ஒரே கூச்சல். தண்ணீர் இரைச்சலுக்கு மேல் வி.யின் குரல், "ஏட்டி கமலம், கைய விட்டுறாத!" இப்படி ஒரு குரல் அவளுக்கு உண்டென்று மறந்தே போயிருந்தேன்.

பல் தந்தியடிக்க வந்தாள். துண்டை நீட்டினேன்.

"ஏங்க, எனக்கு மாசத்துல நாலு நாளு. ஒங்களுக்கு மாசம் பூராவும்லா இருக்கு, அதுக்கு எந்தக் கடையில மருந்து?"

கமலம் சிரித்தாள். எண்ணெய் தேய்க்கிறவன்கூடச் சிரித்தான்.

கண்ணாடியைக் கழற்றி வி.யிடம் கொடுத்துவிட்டுத் அருவிக்கடியில் போய் நின்றேன்.