உன் வீட்டு ஃபாரம்

உன் மகள் நேற்று ராயபுரம் வந்திருந்தாள். அலமாரியைக் காலி செய்தபோது கிடைத்ததாம், உன் பரீட்சை அட்டையைக் கொடுத்துவிட்டுப் போனாள். கிளிப் துருப்பிடித்திருக்கிறது. முகர்ந்து பார்த்தேன். பழைய பேப்பர் வாசனையோடு நீ பூசும் பவுடர் வாசனையும் அடித்தது. பிரமைதான், இருக்கட்டும்.

தொண்ணூறுகளின் கடைசியில் இந்த அட்டைகளோடுதான் நாமிருவரும் அத்திப்பட்டைச் சுற்றியுள்ள கிராமங்களில் வீடு வீடாக ஏறி இறங்கினோம். வருடந்தோறும் அதே வீடுகளுக்குப் போய், குடும்பத்துக்கு மாதம் எவ்வளவு வருகிறது என்று கேட்டு எழுதும் வேலை. வருமானப்படி வீடுகளை வரிசையாக நிறுத்தினால் நட்டநடுவில் நிற்கும் வீட்டுக்கு எவ்வளவு வருகிறது, அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் நம்மை அனுப்பிய சர்வே ஆபீசுக்குத் தெரிய வேண்டும். "சராசரி போட்டா, ஒரு பணக்காரன் குடி வந்தாலே ஊரே பணக்கார ஊராப் பூடும். நடு வூடுதான் கரீட்டு" என்று நீ ஜனங்களுக்கு விளக்குவாய். நமக்குப் பயிற்சி கொடுத்தவர்கூட இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

ஆனால் கேட்டவுடன் உண்மை சொல்ல யாருக்கு மனம் வரும்? ரேஷன் கார்டில் கை வைத்துவிடுவோமோ என்று பயந்து குறைத்துச் சொல்வார்கள். ஒரு வீட்டில் பெண் பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்திருந்த நேரமாகப் பார்த்துப் போய்விட்டோம். வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன தொகையைக் கேட்டு அவர் மனைவிக்கே புரையேறிவிட்டது. நான் அப்படியே எழுதப் போக, நீ என் கையைக் கிள்ளினாய். "லூசாடி நீ? கல்யாணம் முடியட்டும், அப்பால வந்து கேப்போம்" என்றாய் வெளியே வந்ததும். நீ எந்த வீட்டிலும் வருமானத்தைக் கடைசியில்தான் கேட்பாய். எண்ணெய் அன்றாடம் சின்னப் பாக்கெட்டில் வாங்குகிறார்களா, லிட்டர் கணக்கிலா, சிலிண்டர் எத்தனை நாள் வருகிறது என்று முதலில் பேச்சுக் கொடுப்பாய். அதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

நான்காவது வருடம், ஊரைவிட்டுப் போன குடும்பங்களுக்குப் பதிலாக வேறு வீடுகளைச் சேர்க்கச் சீட்டுக் குலுக்கியபோது உன் வீடே வந்துவிட்டது. தன் வீட்டைத் தானே எழுதக்கூடாது என்று விதி. அதனால் நான் வந்தேன். நீ நல்ல புடவையாக உடுத்திக்கொண்டு, "வாங்க மேடம்" என்று கிண்டலாக வரவேற்று டீ கொடுத்தாய். மணலியில் டேங்கர் லாரி ஓட்டும் உன் கணவர் பட்டப்பகலில் உள்ளே படுத்திருந்தார். "நைட்டு வண்டி" என்றாய். அவர் சம்பளத்தையும் உன் சம்பளத்தையும் சொன்னாய். எண்ணெயைப் பற்றிக் கேட்டேன். "லிட்டர்தான், என்னாண்டயே கேக்கறியா?" என்று சிரித்தாய். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். உன் பேச்சை நம்பாமல் வேறு யார் பேச்சை நம்புவேன்?

மறுநாள் காலை அத்திப்பட்டு ஸ்டேஷனில் இறங்கினால், நீ எனக்காகக் காத்திருந்தாய்.

"ஃபாரத்தக் குடுத்துட்டியா?"

"இல்ல, பையிலதான் கீது. ஏன்?"

"அடிச்சிட்டு மாத்தி எழுது. அவருக்குக் கண்ணு சரியா தெரியல. ஓனரு வண்டிய வேற ஆளாண்ட குடுத்து ஆறு மாசம் ஆவுது. இப்ப வூட்ல என் சம்பளம் ஒண்ணுதான்."

ஆறு மாதம்! தினமும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவளிடம் மூச்சுவிடவில்லை. வயிறு சரியில்லை என்று நீ டிபன் டப்பாவே எடுத்துவராத நாட்களெல்லாம் அப்போதுதான் எனக்குப் புரிந்தன. உன்மேல் வந்த கோபத்தைவிட என்மேல் வந்த கோபம் அதிகம். அதை மறைக்க, "வுடு, உன் ஒரு வூட்டால நடு வூடு ஒண்ணும் நவுந்துடாது" என்றேன்.

"அது நவுராது, எனக்குத் தெரியாதா? ஆனா நான் நல்லா கீறேன்னு நம்பிக்கினு போனியே நீ. அதான் தாங்கல" என்றாய்.

பிளாட்பாரம் என்றும் பாராமல் இருவரும் அழுதோம். பிறகு நான் ஃபாரத்தை எடுத்தேன், நீ ஒவ்வொன்றாகச் சொன்னாய். அன்றிலிருந்து என் டப்பாவில் இரண்டு பேருக்குச் சோறு வந்தது. நீயும் வேண்டாம் என்று பிகு செய்யவில்லை. அவருக்குக் கண் ஆபரேஷன் முடிந்து மறுபடி வண்டி எடுக்கும்வரை அப்படித்தான் ஓடியது.

சில வருடம் கழித்து என் வீட்டுக்காரருக்கு ஹார்பர் வேலை நின்றுபோனது. அன்றைக்கே ரயிலேறி உன்னிடம் வந்து, நீ கேட்கும் முன்பே சொல்லிவிட்டேன். பணம் கேட்க வரவில்லை, உன்னிடம் இருக்கவும் இல்லை. ஆனால் திரும்பும்போது பயம் பாதியாகியிருந்தது. கஷ்டத்தை ஒருவரிடமாவது உள்ளபடி சொல்லிவிட வேண்டும் என்ற இந்தப் பழக்கம் உன்னால் வந்தது. இன்னும் விடவில்லை.

தெருவில் யார் விசாரித்தாலும் நல்லா இருக்கேன் என்கிறேன். நம்பிக்கொண்டு போகிறார்கள். போகட்டும், அதனால் எனக்கு ஒன்றுமில்லை. உன்னை மட்டும் அப்படி நம்பவிட முடியாது. நீ போய் எட்டு மாதமாகிறது. நான் நல்லா இல்லடி.