பதினொன்றாவது ஊசி

மார்ச் 3

இன்று ஆறு பேர். ஆறு பேருமே எழுந்து போகும்போது வந்த முகத்தோடு போகவில்லை. என் கை மேல் நானே கண் போட்டுவிடுவேன் போலிருக்கிறது.

இடுப்பு வலியோடு வரும் வங்கிக்காரருக்கு இது மூன்றாவது முறை. குனிந்து தன் ஷூ கயிற்றைத் தானே கட்டிக்கொண்டார். "உங்களுக்குக் கைராசி மேடம்" என்றார். கைராசியாவது ஒன்றாவது, பன்னிரண்டு வருஷமா இதே அக்குபங்சர் வேலை சார் என்றேன். அவர் போனபிறகு கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். சும்மாதான்.

எங்கள் நலவாழ்வு மையத்தின் மேனேஜர் எல்லா அறையிலும் தண்ணீர் ஓடுகிற சத்தத்தைப் போட்டுவிட்டிருக்கிறார். மனசுக்கு அமைதியாம். உடம்பில் ஊசியோடு இருபத்தைந்து நிமிஷம் அசையாமல் படுத்திருப்பவர்களுக்குக் காது பக்கத்தில் சளசளவென்று தண்ணீர் ஓடினால் என்ன ஆகும்? இரண்டு பேர் பாதியில் பாத்ரூம் கேட்டார்கள். "அது ரிலாக்சேஷன் மேடம்" என்கிறார். ரிலாக்ஸ் ஆனதுதான் சார் பிரச்சினையே என்று சொல்லி, என் அறையில் மட்டும் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிவிட்டேன்.

மார்ச் 5

அத்தான் போன் செய்தார். அக்காவுக்குத் தெரியாமல் செய்கிறாராம், குரலே கிசுகிசுவென்று இருந்தது.

அக்காவின் வலது தோள் பூட்டிக்கொண்டுவிட்டது. மூன்று மாதமாகவாம். என்னிடம் மூச்சு விடவில்லை! ஆபரேஷன் தியேட்டரில் இருபத்தாறு வருஷ நர்ஸ் அவள். போன வாரம் தலைக்கு மேலிருக்கும் விளக்கைத் திருப்பச் சொல்லி டாக்டர் கேட்டபோது கை பாதியில் நின்றுவிட்டதாம். உடனே ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். ஏப்ரல் 23-ஆம் தேதி மருத்துவக் குழு முன்னால் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். தூக்கினால் தியேட்டர். இல்லாவிட்டால் ஓய்வுபெறும் வரை ஸ்டோரில் உட்கார்ந்து பஞ்சு, துணி, கையுறை.

"அவ அங்க இருக்க மாட்டாம்மா, உடைஞ்சிடுவா" என்றார் அத்தான். எனக்கும் அது தெரியும். தியேட்டர் இல்லாமல் அக்காவை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

மார்ச் 9

நேரே அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன். கதவைத் திறந்தவளின் பின்னல் ஒரு பக்கமாகக் கோணிக் கிடந்தது. அத்தான்தான் பின்னிவிடுகிறாராம். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"எங்கிட்ட வா. நான் தூக்கிக் காட்டுறேன் உன் கைய" என்றேன்.

"ஊசி போடுறது நாங்கடி. நீ குத்துற. ரெண்டும் ஒண்ணில்ல."

பன்னிரண்டு வருஷமாக இதே பேச்சு. வீட்டில் யார் கேட்டாலும் 'எங்க வீட்டுத் தையல்காரி' என்றுதான் என்னை அறிமுகப்படுத்துவாள். வழக்கமாக நானும் திருப்பிக் கொடுப்பேன். இன்று வாயை மூடிக்கொண்டு அவள் தோளைத் தொட்டுப் பார்த்தேன். பலகையாக இறுகிக் கிடந்தது. கடைசியில் அவளே இறங்கி வந்தாள்.

"பிசியோதெரபி பயிற்சியையும் விடமாட்டேன். உன்னோடதும் பண்ணு. எது வேலை செஞ்சாலும் சரி."

ஒத்துக்கொண்டாள்! என் தோளை நானே தட்டிக்கொண்டேன்.

மார்ச் 14

முதல் நாள். வந்தவள் படுக்கவில்லை. அறையை ஒரு சுற்று சுற்றி வந்தாள், ஏதோ சோதனைக்கு வந்த அதிகாரி மாதிரி. படுக்கை விரிப்பு எப்போது மாற்றினாய், கை எப்போது கழுவினாய், ஊசிப் பாக்கெட்டில் தேதி எங்கே. வரவேற்பில் இருக்கும் பெண் வாசலில் நின்று வாய் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

முழங்காலுக்குக் கீழே ஒரு ஊசி வைத்து, இப்போது கையை மெல்லத் தூக்கு என்றேன்.

"வலி தோள்ல. நீ கால்ல குத்துற."

"தூக்கேன்!"

தூக்கினாள். கொஞ்சம்தான், இரண்டு விரல்கடை அதிகம். அவள் முகத்தைப் பார்த்தேன். பாராட்டி ஒரு வார்த்தை அவள் சொல்லமாட்டாள், அது தெரிந்ததுதான்.

முடிந்ததும் கேட்டாள், "எத்தனை வெச்சன்னு எப்படித் தெரியும் உனக்கு?" ஒரு பாக்கெட்டில் ஐந்து. பாக்கெட்டைப் பிரித்தால் ஐந்தையும் வைத்துவிடுவேன். தட்டில் இரண்டு காலிக் கவர் இருந்தால் பத்து ஊசி எடுக்க வேண்டும். இதுதான் என் முறை. பன்னிரண்டு வருஷத்தில் ஒன்றுகூடத் தவறியதில்லை என்று கொஞ்சம் பீற்றிக்கொண்டேன்.

"அப்ப நீ கவரைத்தான் எண்ணுற, ஊசிய இல்ல."

சுர்ரென்று ஏறியது எனக்கு. என் அறைக்குள் வந்து எனக்கே பாடமா?

மார்ச் 21

கை தோள் மட்டத்துக்கு வந்துவிட்டது.

மார்ச் 28

காது மட்டம்! போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "பரவாயில்லடி" என்றாள். பரவாயில்லையாம். அவள் வாயிலிருந்து அது வந்தால் மாலை போட்ட மாதிரி. இரவுச் சமையலையே இரண்டு தரம் உப்புப் போட்டுக் கெடுத்தேன், அவ்வளவு சந்தோஷம்.

ஏப்ரல் 2

இன்று நடந்ததை எழுதவே பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

அக்கா இன்று குழுவின் கடிதத்தோடு வந்தாள். தேதி, நேரம், அறை எண் எல்லாம் போட்டிருந்தது. படுத்தவளுக்கு மூச்சு சீராக இல்லை. வழக்கமான பத்தை வைத்தேன். பிறகு, மனசு அடங்கட்டும் என்று புதுப் பாக்கெட்டைப் பிரித்து, உச்சந்தலையில் ஒன்று. ஒன்றே ஒன்று. மிச்சம் நாலையும் கவரோடு குப்பையில் போட்டேன். தட்டில் இரண்டு காலிக் கவர்தான்.

அப்புறம் பேச்சு. சின்ன வயதில் பள்ளிக்கூட நாடகத்தில் அவள் அரசனாக வந்து மீசை ஒட்டாமல் கையால் பிடித்துக்கொண்டே வசனம் பேசிய கதை. படுத்துக்கொண்டே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எத்தனை வருஷம் ஆயிற்று இரண்டு பேரும் அப்படிச் சிரித்து! சிரித்துக்கொண்டே ஊசிகளை எடுத்தேன். பத்து. இரண்டு கவர், பத்து ஊசி. சரி, எழுந்திரு.

கால் மணி நேரம் கழித்து அடுத்தவரை நான் படுக்க வைத்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. அக்கா. ஒரு கையில் ஹெல்மெட். மறு கையில், இரண்டு விரலுக்கு நடுவில், ஊசி.

கீழே வண்டி நிறுத்துமிடத்தில் அவளுக்கு ஹெல்மெட் மாட்டிவிடப்போன அத்தான்தான், "தலைல என்னது, கம்பி மாதிரி" என்று பார்த்தாராம். மாட்டியிருந்தால்? ஐயோ. மாட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்?

அவள் கத்தவில்லை. அடுத்தவர் படுத்திருக்கிறார் என்று பார்த்தாள். தட்டில் ஊசியை மெதுவாக வைத்தாள். "பதினொண்ணு" என்றாள். அவ்வளவுதான். போய்விட்டாள்.

கத்தித் தொலைச்சிருக்கக் கூடாதா இவ!

ஏப்ரல் 3

தூங்கவில்லை. காலையில் நானே போன் செய்தேன். மன்னிப்புக் கேட்டேன். "அது கிடக்கட்டும். எழுதிட்டியா?" என்றாள்.

"எதை?"

"நடந்ததைத்தான். எங்க தியேட்டர்ல ஒரு துணி எண்ணிக்கையில குறைஞ்சாலும் எழுதுவோம். யார் மேலயும் கோபத்துல இல்ல. அடுத்த ஆளுக்கு நடக்கக் கூடாதுன்னு. நீ எழுது."

மேனேஜரிடம் போனேன். மனிதர் நாற்காலியை விட்டு எழுந்து கதவைச் சாத்தினார். "உங்க அக்காதானே மேடம், வீட்டு விஷயம். எதுக்கு நாமளே தலையைக் குடுக்கணும்? எழுதினா முதலாளியம்மா உங்க கையில ஊசியே தர மாட்டாங்க." அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. எழுதினால் ஊசி போகும். ஊசி போனால் அக்காவின் கை? இருபது நாள்தான் இருக்கிறது. அவளுக்காகவே எழுதாமல் இருக்கலாமே?

நல்ல சாக்கு. எனக்காகத்தான் எழுதாமல் இருக்கப் பார்க்கிறேன். எனக்கே தெரிகிறது.

ஏப்ரல் 5

எழுதினேன். முக்கால் பக்கம். 'கவரை எண்ணினேன், ஊசியை எண்ணவில்லை' என்று எழுதும்போது பல்லைக் கடித்துக்கொண்டேன். வாராந்தரக் கூட்டத்தில் எழுந்து நானே படித்தேன். நீராவி அறைக்காரர், எண்ணெய் மசாஜ் செய்யும் அம்மா, மனசு அடங்க ஓசைக் கிண்ணம் தட்டுபவர், எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். என் குரல் நடுங்கவில்லை. அதில் எனக்குத் திருப்தி.

முதலாளியம்மா கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டு வாரம் ஊசியைத் தொடாதீங்க. அதுக்குள்ள இது இனிமே நடக்காம இருக்க ஒரு வழி எழுதிக் குடுங்க."

ஏப்ரல் 6

என்னைக் கால் ஊறவைக்கும் பகுதியில் போட்டிருக்கிறார்கள். பதினான்கு ஜோடிக் கால்கள்.

ஏப்ரல் 7

வங்கிக்காரர் இன்று வந்தார். நான் ஏன் ஊசி வைப்பதில்லை என்று கேட்டார். அவர் காலை வெந்நீரில் இறக்கிக்கொண்டே உள்ளதைச் சொன்னேன். தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "எனக்குத் தலைல வெச்சதில்லையே?" என்றார். இல்லை சார் என்றேன். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஏப்ரல் 10

அக்கா வீட்டுக்குப் போய், இங்கேயே வைத்துவிடுகிறேன், யாருக்குத் தெரியப்போகிறது என்றேன். முறைத்த முறைப்பில் பையை மூடிவிட்டேன்.

"தடைன்னா தடைதான். உன் கட்டைவிரல் என்ன பண்ணுது?"

கட்டைவிரலால் அழுத்தினேன், அதே புள்ளிகளில். முக்கால் மணி நேரம். பிறகு சுவரில் விரல்களை நடக்க வைக்கும் பயிற்சி. எதுவரை எட்டினாள் என்று அத்தான் பென்சிலால் கோடு போட்டார். கோடு கோணல். அவர் எதைத்தான் நேராகச் செய்தார்? தினமும் வேலை முடிந்து வருவதாகச் சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 15

கோடு அசையவே இல்லை, மூன்று நாளாக. அக்கா பயிற்சியை நிறுத்தவில்லை. பல் தெரியக் கடித்துக்கொண்டு செய்கிறாள். "நான் எழுதாம இருந்திருந்தா இந்நேரம் கை உச்சிக்குப் போயிருக்கும்" என்றேன். "எப்படிப் போயிருக்கும்? எழுதாத உன்ன நம்பி அந்தப் படுக்கைல நான் படுத்திருக்க மாட்டேன்" என்றாள். வலியோடு சொன்னாள், கோபத்தோடு இல்லை.

ஏப்ரல் 19

தடை நீங்கியது. நான் எழுதிக்கொடுத்த தாள் இப்போது என் அறைக் கதவில் தொங்குகிறது. எங்கே எத்தனை, உள்ளே எத்தனை, வெளியே எத்தனை. வைக்கும்போது ஒருவர், எடுக்கும்போது இன்னொருவர் வாய்விட்டு எண்ண வேண்டும். வரவேற்புப் பெண் அக்காவின் ஊசிகளைப் பள்ளிக்கூடக் குழந்தை மாதிரி உரக்க எண்ணினாள். பதினொன்று உள்ளே, பதினொன்று வெளியே. ஆம், தலையிலும் வைத்தேன். வைக்கச் சொன்னது அக்கா.

எடுத்தபின் கை தலைக்கு மேலே போனது. முழுசாக இல்லை. போனது.

ஏப்ரல் 22

நாளைக்கு. இன்று போகவில்லை. எனக்கே படபடப்பு, அவளுக்கு அதைக் கொண்டுபோய்த் தொற்ற வைப்பானேன்?

ஏப்ரல் 23

பத்து மணிக்குக் குழு. பத்தரை. பதினொன்று. போனையே முறைத்துக்கொண்டு ஒருவருக்கு மூட்டு வலிக்கு ஊசி வைத்தபடி எண்ணிக்கொண்டிருந்தேன், ஆறு, ஏழு. பதினொன்றேகாலுக்கு அத்தான்.

"தூக்கிட்டாம்மா! விளக்கைத் திருப்பச் சொன்னாங்களாம், திருப்பிட்டா!"

எட்டு, ஒன்பது. எண்ணிக்கையை விடவில்லை. ஆனால் அந்த மூட்டு வலிக்காரர், ஏன் மேடம் அழறீங்க, எனக்கு அவ்வளவு மோசமா என்று பயந்துவிட்டார்.

ஏப்ரல் 24

வாழ்த்துச் சொல்லப் போனவளிடம் முதல் பேச்சே, "பிசியோதெரபி நல்லா வேலை செஞ்சிருக்கு" என்கிறாள்! ஒரு மணி நேரம் சண்டை. ஊசியா, பயிற்சியா, கட்டைவிரலா? எனக்கும் அறுதியிட்டுச் சொல்லத் தெரியவில்லை என்பதுதான் உண்மை. அவளிடம் அதைச் சொல்லுவேனா? போங்கள்.

மே 6

மதியம் ஒரு அம்மா வந்தார். கழுத்து வலி. மயக்க மருந்து டாக்டராம், அக்காவின் தியேட்டரில். பரபரப்பாகிவிட்டது எனக்கு. ஒரு டாக்டர், என் படுக்கையில்!

"அக்கா அனுப்பினாங்களா? என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன். ஒரு வார்த்தை நல்லதாகக் காதில் விழாதா என்ற ஆசைதான், வேறென்ன.

"ஊசி வேலை செய்யுமான்னு கேட்டேன். எனக்குத் தெரியாது டாக்டர்னுட்டாங்க."

அதானே பார்த்தேன். அவளாவது, மாறுவதாவது! சிரித்துவிட்டேன்.

"பின்ன ஏன் வந்தீங்க டாக்டர்?"

"போறதுன்னா யார்கிட்ட போகட்டும்னு கேட்டேன். என் தங்கச்சிகிட்ட போங்க, தப்பு பண்ணினா அவளே எழுதிக் கையெழுத்து போடுவான்னாங்க."

படிவத்தை எடுத்தேன். என்ன வேலை, எத்தனை நாளாக வலி, இரவில் தூக்கம் எப்படி. எழுத்து கொஞ்சம் கலங்கித் தெரிந்தது, குனிந்தே எழுதினேன். பிறகு வரவேற்புப் பெண்ணை எண்ணுவதற்குக் கூப்பிட்டுவிட்டு, டாக்டரைக் குப்புறப் படுக்கச் சொன்னேன்.