கதிர் விட்ட பாடம்

ஆடி 14, செவ்வாய்.

செத்துப்போன என் மகன் கதிரின் போனில்தான் கொழுந்தனார் மகள் மீனா ஒரு ஆப் வழியாகக் கம்ப்யூட்டர் நெட்வொர்க் பாடம் படிக்கிறாள். காலையில் நான் சோறு வடிக்கும்போது வந்து, "பெரியம்மா, அண்ணன் ஒன்பதாம் பாடத்தோட விட்டுட்டாக. நான் பத்தை முடிச்சிட்டேன்" என்று சிரித்தாள்.

வயிறு எரிந்தது. அவன் நின்ற இடத்தைத் தாண்ட இவளுக்கு என்ன அவசரம்? சார்ஜ் போடுகிறேன் என்று போனை வாங்கி அரிசி டின்னுக்குள் புதைத்துவிட்டேன்.

சாயங்காலம், "நாளைக்கு வேலைக்குப் பரீட்சை பெரியம்மா, எங்குட்டு வச்சீக?" என்று அழுதாள். காணோம் என்றேன்.

இப்போது எடுத்துப் பார்த்தேன். பத்தாம் பாடத்துக்கு மேலே 'வாழ்த்துகள் கதிர்' என்று இருக்கிறது. அவன் பேரை அவள் மாற்றவே இல்லை.

மீனா அறையில் விளக்கு எரிகிறது. கொடுத்துவிட்டு வருகிறேன். எரிச்சல் மட்டும் இன்னும் அடங்கவில்லை.