எட்டுக் கதவும் ஒரே சாவியும்

அனுப்புநர்:
அ. சௌடேஸ்வரி,
பதினோராம் வகுப்பு மாணவி,
த/பெ. அப்பய்யா, இரயில்வே தச்சர்,
பழைய பெட்டி வீடு, ஜல்லி சைடிங்,
திருச்சுழி.

பெறுநர்:
உயர்திரு கோட்டப் பொறியாளர் அவர்கள்,
இரயில்வே கோட்ட அலுவலகம்,
மதுரை.

பொருள்: இரயில் பெட்டி வீட்டின் கதவுகளுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் பொருத்த அனுமதி வேண்டியும், அதற்கான காரணத்தைத் தெரிவித்தும் மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்கண்ட விலாசத்தில் என் தாய், தந்தை, ஆறு வயதுத் தங்கை சுப்புலட்சுமி ஆகியோருடன் வசித்து வருகிறேன். சென்ற ஆடி மாதம் தாங்கள் டிராலியில் வந்து எங்கள் வீட்டைப் பார்வையிட்டபோது சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவள் நான்தான். இந்த மனுவை என் பெற்றோருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். அவர்கள் பக்கத்து அறையில் தூங்குகிறார்கள். வெளிச்சம் தெரியாமலிருக்க ஜன்னல் பலகைகளை இறக்கிவிட்டு, சிமினி விளக்கைப் படுக்கைப் பலகைக்குக் கீழே வைத்திருக்கிறேன். கையெழுத்து கோணலாக இருப்பதை மன்னிக்க வேண்டும். பரீட்சையில் இப்படி எழுத மாட்டேன்.

2. என் தந்தை அருப்புக்கோட்டையில் தறிச் சட்டம் செய்துகொண்டிருந்தவர். இந்த லைன் போட்டபோது இரயில்வேயில் தச்சராகச் சேர்ந்தார். குவார்ட்டர்ஸ் கிடைக்கவில்லை. பக்கப் பாதையான இந்த சைடிங்கில் கழித்துப்போட்ட பழைய மரப்பெட்டி ஒன்று சக்கரமில்லாமல் சிலீப்பர் கட்டைகள்மேல் கிடந்தது. மழைக்கு ஆடுகள் அதில் ஒதுங்கும். அதைச் சீர்செய்து குடியிருக்கலாம் என்று தாங்கள் அனுமதித்தீர்கள். தந்தை ஓய்வு நாட்களில் மட்டும் வேலை செய்து பதினான்கு மாதங்களில் முடித்தார். உடைந்த கண்ணாடித் துண்டால் நான்கு நிறப் பெயிண்டைச் சுரண்டினோம். அடியில் தேக்கு இருந்தது. சட்டத்தில் 1909 என்று பொறித்த பித்தளைத் தகடும் அகப்பட்டது. என் உள்ளங்கையில் அந்தக் கண்ணாடி கிழித்த தழும்பு இன்னும் இருக்கிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது.

3. பெட்டியில் நான்கு அறைகள். முதலாவது சமையலுக்கு. இரண்டாவதில் பெற்றோர், மூன்றாவதில் நானும் தங்கையும். நான்காவதில் தந்தையின் உளிகளும் கம்பு மூட்டையும் இருக்கின்றன. சாமான் வைக்கும் மேல்தட்டுதான் தங்கையின் படுக்கை. அறைக்கு இருபுறமும் ஒவ்வொரு கதவு வீதம் மொத்தம் எட்டுக் கதவுகள். ஒரு வீட்டுக்கு எட்டு வாசல் எதற்கு, ஐந்தாறை அடைத்துவிடலாமே என்று என் தாய் கேட்டபோது, "ரயில் கம்பெனிக்காரன் வச்ச கதவை அடைக்க நாம யாரு?" என்றார் தந்தை. எங்கள் வீட்டுப் பேச்சு கன்னடம். அதைத் தமிழில் எழுதியிருக்கிறேன்.

4. கதவுகளில் இருந்த பழைய பித்தளைப் பூட்டுகள் எல்லாம் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தன. தந்தை ஒவ்வொன்றாகக் கழற்றி, எண்ணெயில் ஊறவைத்து, புளி போட்டுத் துலக்கி, திரும்ப ஓட வைத்தார். எட்டாவது பூட்டு ஓடிய அன்று ஜல்லி அள்ளும் ஆட்கள் முன்னால் விசில் ஊதி, "மானாமதுரை போறவுக எல்லாம் ஏறுங்க!" என்று கூவினார். தாங்கள் வந்த அன்றும், "அப்பய்யா, இந்த வண்டிக்கு டிக்கெட் எவ்வளவு?" என்று கேட்டீர்கள். "சம்பளத்துல வாடகை பிடிக்கிறீகளே ஐயா, அதான் சீசன் டிக்கெட்டு" என்று அவர் சொன்னதும் சிரித்தீர்கள். தங்களைச் சிரிக்க வைத்ததை அவர் அருப்புக்கோட்டை உறவினர் அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டார்.

5. அன்று தாங்கள் ஓர் உத்தரவும் கொடுத்தீர்கள். இப்பெட்டி பழமையானது, இனி இதில் ஓர் ஆணி அடிப்பதற்கோ, துளையிடுவதற்கோ, எதையும் சேர்ப்பதற்கோ நீக்குவதற்கோ எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும் என்பது அந்த உத்தரவு. தந்தை அதைச் சட்டம் போட்டு வைத்திருக்கிறார். சுவரில் மாட்ட ஆணி அடிக்கக் கூடாது என்பதால் மேல்தட்டுக் கம்பியில் நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்.

6. ஐயா அவர்களுக்குத் தெரிந்ததுதான்: இரயில் பெட்டிகளின் கதவுக்கு எங்கும் ஒரே அளவுச் சாவிதான். சதுர மூக்குள்ள அந்தச் சாவி வேலையாட்கள் பலரிடம் இருக்கிறது. எங்கள் எட்டுப் பூட்டுக்கும் அதே சாவிதான். துருப்பிடித்துக் கிடந்தவரை அந்தச் சாவியால் எந்தக் கதவையும் திறக்க முடிந்திருக்காது. தந்தை பழுது நீக்கியதால் இப்போது எல்லாமே திறக்கின்றன. இதை அவர் யோசிக்கவில்லை. நானும் போன மாதம் வரை யோசிக்கவில்லை.

7. என் தாய் அருப்புக்கோட்டையில் பஞ்சு அரைவை மில்லுக்குக் காலை இரயிலில் போய் அந்தி இரயிலில் திரும்புவார். தந்தை லைன் வேலைக்குப் போனால் மூன்று நான்கு நாட்கள் ஆகும். எனக்கு எஸ்.எஸ்.எல்.சி. படிப்பு விடுமுறை. தங்கை பள்ளி விட்டு மதியமே வந்துவிடுவாள். வெயில் நேரத்தில் சைடிங்கில் ஜல்லி ஆட்கள்கூட இருக்க மாட்டார்கள். சாமான் ஷெட்டில் காவல் பார்க்கும் தங்கசாமி என்பவர் மட்டும் இருப்பார். எங்களுக்கு மண்ணெண்ணெய் கொண்டுவருவதும், தபால் பை கொண்டுவருவதும் அவர்தான். பெயரை எழுத வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

8. பிப்ரவரி 22, சனிக்கிழமை. நான் தண்ணீர் எடுத்துவிட்டு வந்தபோது மூன்றாவது அறைக் கதவு திறந்திருந்தது. பூட்டிவிட்டுத்தான் போயிருந்தேன். தங்கை, "தங்கசாமி மாமா உள்ள வந்து நம்ம கண்ணாடியில தலை சீவுனாக. உன் சீப்பு நல்லாருக்குன்னாக" என்றாள். அந்தச் சீப்பை அடுப்பில் போட்டுவிட்டேன்.

9. பிப்ரவரி 28. நான் படித்துக்கொண்டிருக்கும்போது எதிரே பூட்டு தானாகத் திரும்பியது. தங்கசாமி கதவைத் திறந்துகொண்டு நின்று, "டிக்கெட் செக்கிங்! எங்க, டிக்கெட்டை எடு பாப்போம்" என்றார். நான் எழுந்து நின்றேன். "எதுக்குப் பயப்படுற? ரயிலுப் பெட்டின்னா யாரு வேணாலும் ஏறலாம்ல" என்று சிரித்தார். தங்கை கையில் பொரிகடலைப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் தங்கையைத் தூக்கிக்கொண்டு எதிர்க் கதவு வழியாகக் குதித்துத் தண்டவாளத்தில் திருச்சுழி ஸ்டேஷன் வரை நடந்தேன். தாய் வரும் இரயில் வரும்வரை அங்கேயே இருந்தோம். செருப்பு போடவில்லை.

10. தாயிடம் கதவு திறந்து கிடந்தது என்று மட்டும் சொன்னேன். "பயமா இருந்தா பரீட்சையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். சித்தி வீட்டுல போய் தறிக்குத் தார் சுத்து" என்றார். அதற்குமேல் நான் சொல்லவில்லை.

11. அதன்பின் எதையாவது சாத்தி வைக்கலாம் என்று டிரங்குப் பெட்டி, அம்மி எல்லாம் நகர்த்திப் பார்த்தேன். இரயில் கதவு வெளிப்பக்கம் திறப்பது. உள்ளே எதைச் சாத்தினாலும் நிற்காது. ஆகவே தாயின் பழைய சேலையால் உள்கைப்பிடியையும் மேல்தட்டுக் கம்பியையும் சேர்த்துக் கட்டினேன். எட்டுக் கதவுக்கும் சேலை இல்லை. நாங்கள் இருக்கும் அறையின் இரண்டு கதவுகளையும், பக்கத்து அறைக்குப் போகும் வழியையும் கட்டினேன்.

12. மார்ச் 5, புதன்கிழமை. வெளியிலிருந்து, "பாக்லு தெகி" என்று குரல் கேட்டது. கன்னடத்தில் 'கதவைத் திற' என்று பொருள். தந்தைதான் சீக்கிரம் வந்துவிட்டார் என்று தங்கை ஓடினாள். தந்தையின் குரல் இல்லை அது, தங்கசாமியின் குரல். எங்கள் வீட்டுப் பேச்சை வெளியே நின்று எத்தனை நாள் கேட்டிருந்தால் அவர் அதைக் கற்றிருப்பார்? தங்கையின் வாயைப் பொத்திக்கொண்டேன். பூட்டு திரும்பியது. கதவை இழுத்தார். சேலை இரண்டு விரல் அளவு இளகி நின்றது. அந்தச் சந்தில் அவருடைய கண் தெரிந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தலைக்குமேல் அபாயச் சங்கிலி இருக்கிறது. தந்தை துலக்கி மாட்டியது. அது எதனோடும் இணைக்கப்படவில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தும் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன்.

13. மார்ச் 7 அன்று தபால் பையோடு வந்தவர் கீழே நின்றபடி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "உங்கப்பாட்ட சொல்லிப் பாரு. அந்த ரெண்டு பூட்டு எங்கிட்டு இருந்து வந்துச்சுன்னு நானும் மேல எழுதிப்புடுவேன். அப்புறம் அவுக எந்தப் பெட்டியில போவாகன்னு தெரியும்ல? கம்பி போட்ட பெட்டி." இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டியது என் கடமை. எட்டில் இரண்டு பூட்டுகள் இந்தப் பெட்டியோடு வந்தவை அல்ல. ஆறாவது, எட்டாவது கதவுகளில் பூட்டு இல்லாமல் இருந்தது. ஷெட்டில் சும்மா கிடப்பதாகச் சொல்லித் தங்கசாமிதான் கொண்டுவந்து கொடுத்தார். அனுமதிச் சீட்டு கேட்க வேண்டும் என்று தந்தைக்குத் தோன்றவில்லை. பித்தளையைக் கண்டதும் அவருக்கு வேறொன்றும் தோன்றாது. அது தவறு என்றால், அந்த இரண்டையும் எடுத்துக்கொண்டு அந்தக் கதவுகளைப் பலகை வைத்து அடைத்துவிடக் கோருகிறேன். தந்தையின் வேலையை எடுத்துவிட வேண்டாம். ஐயா, இந்த ஒரு பத்தியை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு இரவுகள் யோசித்தேன். நான் எழுதாவிட்டால் அவர் எழுதுவார்.

14. தந்தை நாளை காலை நரிக்குடிப் பக்கம் வேலைக்குப் போகிறார். வெள்ளிக்கிழமைதான் திரும்புவார். நானும் தங்கையும் நாளை ஹால் டிக்கெட் வாங்க அருப்புக்கோட்டை போகிறோம். இதைத் தபால் பையில் போட முடியாது. இரயில் கார்டிடம் கொடுக்கலாம் என்றால் அவரிடமும் அந்தச் சாவி இருக்கிறது. அவரைச் சந்தேகப்படுவது பாவம் என்று தெரிந்தாலும் பயமாக இருக்கிறது. ஆகவே என் ஆசிரியை திருமதி கோகிலாம்பாள் அவர்களிடம் கொடுத்துத் தங்களுக்கு அனுப்பச் சொல்வேன். தங்கள் பதிலையும் பள்ளியில் அவர் பெயருக்கே அனுப்ப வேண்டுகிறேன். சைடிங் விலாசத்துக்கு அனுப்பினால் அதை எனக்குக் கொண்டுவந்து கொடுப்பவர் தங்கசாமியாக இருப்பார்.

15. ஓர் உண்மையைக் கடைசியாகத் தெரிவித்துக்கொள்கிறேன். இன்று பிற்பகல் பெற்றோர் பாலவனத்தத்தில் ஒரு விசேஷ வீட்டுக்குப் போயிருந்தபோது, குளிக்கும் மறைப்பின் தகரக் கதவிலிருந்த தாழ்ப்பாளைக் கழற்றி, தந்தையின் தமரால் நான்கு துளை போட்டு, ஐந்தாவது கதவின் உள்பக்கம் திருகிவிட்டேன். என் தாவணியை அதன்மேல் தொங்கவிட்டு மறைத்திருக்கிறேன். தங்கள் உத்தரவை மீறியது நான். என் தந்தைக்கு இதில் பங்கில்லை. அவர் கையால் போட்டிருந்தால் துளை இவ்வளவு கோணலாக இருக்காது. வந்து பார்த்தால் தங்களுக்கே தெரியும்.

ஆகவே, செய்த குற்றத்தை மன்னித்து, மீதி ஏழு கதவுகளுக்கும் உள்தாழ்ப்பாள் போட எழுத்து மூலம் அனுமதி தந்து, தங்கசாமியை இந்த சைடிங்கிலிருந்து மாற்றவும், பரீட்சை தொடங்கும் 24ஆம் தேதிக்கு முன் இதைச் செய்யவும் தங்களை மன்றாடிக் கேட்கிறேன். தந்தைக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் தாங்களே சொல்லுங்கள். தாங்கள் சொன்னால், தான் ஓட வைத்த பூட்டுகளின்மேல் அவருக்கு வருத்தம் வராது.

இடம்: திருச்சுழி
நாள்: 9.3.1969, ஞாயிறு இரவு

இப்படிக்கு,
தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
அ. சௌடேஸ்வரி

இணைப்பு: ஐந்தாவது கதவில் துளை போட்டபோது விழுந்த தேக்குத் தூள், ஒரு பொட்டலம். பெட்டியிலிருந்து எதையும் நீக்கக் கூடாது என்பது உத்தரவு என்பதால் சிந்தாமல் சேர்த்து அனுப்பியிருக்கிறேன்.